கப்பல் நின்றிருந்த கரை

பதினைந்து நாளாக அந்தக் கதையைக் காசியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க யார் வந்து உட்கார்ந்தாலும், தண்ணீர்ச் சொம்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

"பெரியவன் கண்ண மூடறப்போ சின்னவன் எங்க கீறான்றீங்க? நடுக்கடல்ல! சுத்தித் தண்ணி. எறங்கறதுக்கு ஒரு மண்ணு மேடு கெடையாது. போன்ல சேதி சொன்னா புள்ளைக்கு வாய் அடைச்சிப் போச்சி. கூடப் பொறந்தவன் மொகத்தப் பாக்கக் குடுத்து வெக்கலியேன்னு எப்பிடித் துடிச்சிருப்பான்? குதிச்சி நீந்தியா வர முடியும்?"

சின்னவனுக்கு வயது அறுபத்திரண்டு. பெயர் சக்கரவர்த்தி. வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காள் காசியம்மாள் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் தலையைத் தொங்கப்போட்டிருப்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்த ஒரு வசதி அவருக்கு இருந்தது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கப்பலு ரொம்ப ஆடுமாங்க? கொடலைப் பொரட்டும்னு சொல்றாங்களே."

"இல்லீங்க. ஆடல."

"பெரிய கப்பலா இருக்கும்."

"ஆமாங்க."

"சொறா மீனு எதனா கண்ல பட்டுச்சா?"

"த, இன்னா கேள்வி கேக்கறாரு பாரு!" என்று காசியம்மாள் பாய்ந்தாள். "எழவு வூட்டுக்கு வந்து சொறா மீனு பாத்தியா, முதல பாத்தியான்னுக்கினு. அவனே நொந்து நூலாப் போயிக் கீறான்."

பெரியவர் பின்வாங்கிக்கொண்டார். உள்ளே சமையற்கட்டில் ஏதோ பாத்திரம் கொஞ்சம் அழுத்தமாகவே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அங்கே இருந்தது சக்கரவர்த்தியின் மனைவி சரசு. கடல் கதை ஆரம்பித்தாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சுறா மீனை அவர் பார்க்கவில்லை. அவர் பார்த்தது வாத்துகளை. கரையோரம் மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த கிழவர்களை, சைக்கிளில் போன பெண்களை, புல் மேய்ந்துகொண்டே தலையைத் தூக்கிப் பார்த்த வெள்ளை மாடுகளை. பல இடங்களில் கை நீட்டினால் மரக்கிளை எட்டும் போலிருந்தது. அது கடலே அல்ல. பிரான்சின் வடபகுதியில் பாரிஸிலிருந்து கடலை நோக்கி வளைந்து வளைந்து போகும் சேன் என்ற ஆறு. அந்த ஆற்றில் ஊர் ஊராக நின்று நின்று போகும் ஒரு சுற்றுலாக் கப்பல். எட்டு நாள் பயணம். கனடாவில் வேலை பார்க்கும் மகன் செழியன் அப்பாவும் அம்மாவும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தான்.

அதில் நாலாவது நாள், ஒரு புதன்கிழமை, அண்ணன் ராஜேந்திரன் செத்துப்போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை வைத்திருந்தவர். காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே அதன் கீழே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது. ஒரே மகள் வினோதினி, இருபத்தேழு வயது, கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் டீச்சர். பிள்ளை இல்லாதவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் கூடப்பிறந்த தம்பி. தம்பி நடுக்கடலில். வேறு வழியில்லாமல் வினோதினி வைத்தாள்.

நாளைக்குப் பதினாறாம் நாள், கருமாதி. திருவண்ணாமலை பே கோபுரத் தெரு வீட்டு வாசலில் ஷாமியானா கட்டியாகிவிட்டது. பத்திரிகை அடித்து எல்லோருக்கும் போயாகிவிட்டது. அதில் அண்ணன் படத்துக்குக் கீழே, 'கர்மம் செய்பவர்: தம்பி சக்கரவர்த்தி' என்று கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது. நாளைக்குக் குளக்கரையில் மனையில் உட்கார்ந்து பிண்டம் வைக்க வேண்டியவர் அவர். அது முடிந்ததும் பெண் கொடுத்த வீட்டார், குடும்பத்துக்கு இனி இவர்தான் தலை என்று ஊரறியத் தலைப்பாகை கட்டுவார்கள். அதையும் கட்டிக்கொள்ள வேண்டியவர் அவர்தான்.

அந்தப் புதன்கிழமை காலை நடந்தது ஒவ்வொன்றும் அவருக்கு வரிசையாக நினைவிருக்கிறது.

கப்பல் ரூவான் என்ற ஊரில் கரையோரம் கட்டப்பட்டிருந்தது. முந்தின ராத்திரியே வந்துவிட்டது. மணி ஆறு நாற்பது. சரசு குளித்துக்கொண்டிருந்தாள். அவர் மேல்தளத்தில், கையில் காபியோடு, ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீடுகளுக்கு மேலே பெரிய தேவாலயத்தின் கூர்கோபுரம் தெரிந்தது. அன்றைக்குப் பார்க்கப்போகும் இடங்களின் பட்டியல் அவர் சட்டைப் பையில் இருந்தது. ஆறு மாதமாக அந்தப் பயணத்தைப் பற்றிப் படித்து, கோடு போட்டு, நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார். ஓவியர் ஒருவர் அல்லிக்குளம் வெட்டி வரைந்த தோட்டம் பார்த்தாயிற்று. இங்கிலாந்து ராஜா ஆற்றுக்கு மேலே வெள்ளைப் பாறையில் கட்டிய, இடிந்துபோன கோட்டை பார்த்தாயிற்று. இன்றைக்கு ரூவான். நாளைக்கு இரண்டாம் உலகப் போரில் படைகள் வந்து இறங்கிய கடற்கரை. அதற்கப்புறம் ஓன்ஃப்ளர் என்ற பழைய துறைமுகம்.

செல்போன் அடித்தது. வினோதினி.

"சித்தப்பா, அப்பா போயிட்டாரு."

கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது நிஜம். பிற்பாடு தன்னைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இதை மட்டும் அவர் விடாமல் எடுத்து வைத்துக்கொள்வார்.

"எப்ப வருவீங்க? ஐஸ் பொட்டிக்குச் சொல்லிட்டோம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வெக்கலாம். நாளன்னிக்குக் காலையிலகூட எடுக்கலாம். நீங்க வந்தாதான்..."

அதற்குள் போனைக் காசியம்மாள் வாங்கிக்கொண்டாள்.

"எங்கடா கீற? கப்பல்லியா? ஐயோ, நடுக்கடல்லியாடா கீற?"

அவருக்கு நேர் எதிரே கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு நடைபலகை போட்டிருந்தது. பத்தடி இருக்கும். வெள்ளைக்காரப் பாட்டிகள் இரண்டு பேர் காலை நடை முடித்துவிட்டு, கக்கத்தில் நீள ரொட்டியோடு அதில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கரைக்கு அந்தப் பக்கம் ரோடு. ரோட்டில் ஒரு பஸ் போயிற்று.

"ஆமாக்கா," என்றார் சக்கரவர்த்தி. "எறங்க முடியாதுக்கா. ஞாயித்துக்கெழமைதான் கரைக்குப் போவும்."

"நாலு நாளு எப்பிடிடா வெக்கறது?"

"எனக்காக வெக்காதீங்க."

அரை மணி நேரம் கழித்துச் செழியன் கூப்பிட்டான். கனடாவில் அப்போது ராத்திரி. விஷயம் தெரிந்து எழுந்து உட்கார்ந்திருந்தான். "அப்பா, நான் பாத்துட்டேன். ரூவான்லேர்ந்து பாரிஸுக்கு ட்ரெயின் இருக்கு. ஒன்றரை மணி நேரம்தான். இன்னிக்குச் சாயங்காலம் ஃப்ளைட் புடிச்சா நாளைக்கு அஞ்சு மணிக்கெல்லாம் திருவண்ணாமலையில இருக்கலாம். போட்டுடவா?"

"வேணாம்பா. அங்க இன்னிக்கே எடுத்துடறாங்களாம். காத்திருக்க வேணாம்னு அத்தை சொல்லிட்டாங்க."

அங்கே ஒன்று, இங்கே ஒன்று. முப்பத்தைந்து வருஷம் கலெக்டர் அலுவலகத்தில் பதில் எழுதியவர். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாத மாதிரி பதில் எழுதுவது அவருக்குக் கஷ்டமில்லை.

ஏன் செய்தார் என்பதற்கு அன்றைக்கே பல காரணங்களைச் சொல்லிக்கொண்டார். போனவர் போய்விட்டார், நாம் போய் எழுப்பவா முடியும். மகன் ஆசையாகச் செய்தது வீணாகக்கூடாது. சரசு இத்தனை வருஷத்தில் திருப்பதி தாண்டிப் போனதில்லை. எல்லாம் நியாயமான காரணங்கள். உண்மையான காரணம் இவற்றைவிடச் சின்னது. பாதிதான் பார்த்திருந்தார். மீதியையும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். அவ்வளவு சின்னதாக இருந்ததால்தான் அதை எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை.

சரசுவிடம், "அண்ணனுக்கு ஒடம்பு கொஞ்சம் சரியில்லியாம்" என்று மட்டும் சொன்னார். ஒன்பது மணிக்குக் குழுவோடு ஊர் பார்க்க இறங்கினார்கள். அந்த நடைபலகை வழியாகத்தான் இறங்கினார்கள்.

கைக்கடிகாரத்தை அவர் இந்திய நேரத்திலேயே வைத்திருந்தார். ஒரு பழைய சந்தைச் சதுக்கத்தில் உயரமான சிலுவை ஒன்றின் கீழே வழிகாட்டிப் பெண் எல்லோரையும் நிறுத்தினாள். நாட்டுக்காகச் சண்டை போட்ட ஜோன் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை இந்த இடத்தில்தான் கம்பத்தில் கட்டி உயிரோடு எரித்தார்கள், சாம்பலைச் சேன் ஆற்றில் கொட்டினார்கள் என்று சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு. நாலு மணிக்கு எடுக்கிறோம் என்று சேதி வந்திருந்தது. சரசு ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தாள். அவருடையது உருகிக் கையில் வழிய ஆரம்பித்ததும், கீழே போடத் தோன்றாமல், தின்றுவிட்டார்.

பாரிஸுக்குத் திரும்பிய பிறகு சரசுவிடம் உள்ளதைச் சொன்னார். அவள் கத்தவில்லை. பெட்டியைத் திறந்து, புதன்கிழமை ராத்திரி கேப்டன் கொடுத்த விருந்துக்குக் கட்டியிருந்த கடுகு நிறப் பட்டுப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தீட்டுல பட்டுக் கட்டிக்கினு சிரிச்சிக்கினு போட்டோக்கு நின்னிருக்கேன். மாமா அங்க எரிஞ்சிக்கினு இருந்திருக்காரு. இனிமே இத நான் எப்பிடிக் கட்டுவேன்?" என்றாள். சென்னையிலிருந்து காரில் வரும்போது செங்கம் ரோடு திரும்பும் இடத்தில் ஒன்றே ஒன்று சொன்னாள். "நானா யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா எங்கிட்ட யாரும் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

யாரும் அவளைக் கேட்கவில்லை. காசியம்மாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளே.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் கலையரசன் வந்தார். அண்ணியின் தம்பி, வினோதினிக்குத் தாய்மாமன். தலைப்பாகை கட்ட வேண்டிய கை அவருடையது. புது வேட்டியும் தலைப்பாகைத் துணியும் இருந்த பையை சக்கரவர்த்தியின் மடியில் வைத்துக் காட்டினார்.

"பாருங்க மாமா, நல்லா இருக்கா? நாளைக்கு நீங்க உக்காந்துட்டா எங்க பெரிய மாமாவுக்கு மனசு ஆறிடும். பாப்பா கொள்ளி வெச்சத ஊர்ல ஒருத்தரும் ஒப்புக்கல தெரியுமா? பின்னால பின்னால பேசறாங்க. நாளையோட அந்தப் பேச்சு நின்னுடும்."

"வினோதினி இன்னா சொல்லுச்சு?"

"அது இன்னா சொல்லும். சரின்னுச்சு."

துணி மெத்தென்று இருந்தது. பையை அவர் கலையரசனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து மாடிக்குப் போனார்.

மாடியில் வினோதினி, பாத்திரக் கடையிலிருந்து வந்து இறங்கிய அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியிருந்தது.

"சொல்லுங்க சித்தப்பா. டீ வந்துச்சா?"

"வந்துச்சும்மா. வினோ, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ போன் பண்ணப்போ கப்பல் நடுக்கடல்ல இல்ல. கடலே இல்ல அது. ஆறு. ஊருக்குள்ள, கரையில கட்டியிருந்தாங்க."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எறங்கியிருக்கலாமா?"

"எறங்கியிருக்கலாம். நடந்து போற தூரத்துல ஸ்டேஷன்."

"எறங்கியிருந்தா எப்ப வந்திருப்பீங்க?"

"மறுநாள் சாயங்காலம்."

"மறுநாள் சாயங்காலம் வரைக்கும் வெக்கலாம்னு நான் சொன்னேனே சித்தப்பா."

"சொன்னம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, அதிகாரி எதிரில் நிற்பதுபோல அவர் நின்றார்.

"எங்கப்பா மேல உங்களுக்கு எதனா மனத்தாங்கலா?"

"ஐயோ, அண்ணன் எனக்கு ஒரு கொறையும் வெக்கல."

"அப்பறம் ஏன்?"

சொல்லித்தான் ஆக வேண்டும். "பாதிதான் பாத்திருந்தோம்," என்றார்.

வினோதினி அதைக் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "நாலு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"ஒரு எடத்த சுத்திக் காட்டினாங்க. ஒரு பொண்ண நெருப்பு வெச்சி எரிச்ச எடம். அந்தக் காலத்துல."

"நல்லா இருந்துச்சா?"

அவர் கட்டியிருந்த கையை இறக்கினார்.

"சுடுகாட்டுக்குள்ள என்ன வுடவே இல்ல, உங்களுக்குத் தெரியுமா? கேட்டாண்ட நிறுத்திட்டாங்க. சட்டி கையில கனகனன்னு கொதிக்குது, அரை மணி நேரம் பேசறாங்க. பொட்டப்புள்ள உள்ள வர்றதான்னு. கடைசியில அத்தைதான் சொன்னாங்க. அவன் நடுக்கடல்ல மாட்டிக்கினான், வேற வழி இல்ல, இவளே வெச்சித் தொலைக்கட்டும்னு." அவள் குரல் இறங்கியது. "வெச்சித் தொலைக்கட்டும். எங்கப்பாவுக்கு."

"என்ன மன்னிச்சிடும்மா."

"இத எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு நீங்க கீழ எறங்கிப் போயிடுவீங்க. நாளைக்கு உங்களுக்கு மனை போட்டு, தலைப்பா கட்டி, அத்தை ஒப்பாரி வெப்பாங்க. நான் இத நெஞ்சுல வெச்சிக்கினு பின்னால சொம்பு புடிச்சிக்கினு நிக்கணும். அதானே?" அவள் குனிந்து அண்டாவை உருட்டினாள். "சொல்றதுன்னா அங்க சொல்லுங்க. இல்லன்னா எங்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கணும். தள்ளுங்க சித்தப்பா, தண்ணி வழியுது."

கீழே இறங்கியதும் அக்காளிடமாவது முதலில் சொல்லிவிடலாம் என்று போனார். காசியம்மாள் அவருக்கென்று தனியாகத் தட்டில் இட்லியை எடுத்து மூடி வைத்திருந்தாள். "உக்காரு. ரெண்டு துண்ணு. கடல் தண்ணி பட்டு ஒடம்பு பாதியாப் போச்சி உனுக்கு," என்றாள். அவர் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் காலை ஐயங்குளத்துக் கரையில் அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். நாவிதர் பங்காளிகளை வரிசையாக உட்காரவைத்துத் தலையை மழித்துக்கொண்டிருந்தார். கர்மம் செய்பவர் என்பதால் சக்கரவர்த்திக்குத்தான் முதல் கத்தி. தலைமுழுகி, ஈர வேட்டியோடு படியேறி வந்தார். மொட்டைத் தலையில் வெயில் உறைத்தது. மேல்படியில் அண்ணி ஆதிலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐயர் கல்லை நட்டு, பிண்டத்துக்கு மாவு பிசைந்து, பூ, எள், தர்ப்பை எல்லாம் எடுத்துவைத்தாகிவிட்டது. மனைக்கு நேர் பின்னால் வினோதினி, தலைமுழுகிய ஈரத்தோடு, சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரைப் பார்க்கவில்லை.

"கர்த்தா வந்துட்டாரோன்னோ? உக்காருங்கோ, நேரமாறது," என்றார் ஐயர்.

சக்கரவர்த்தி மனைக்கு முன்னால் நின்றார். ராத்திரி முழுவதும் மனதுக்குள் எழுதி, அடித்து, திருப்பி எழுதி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வந்ததெல்லாம் ஆபீஸ் பேச்சுதான்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரிவிச்சிக்கறேன்."

"சாப்பாடு வூட்லதான், மண்டபத்துல இல்ல. சொல்லிட்டோம் மாமா," என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"அது இல்லீங்க. எங்கண்ணன் எறந்த அன்னிக்கு நான் நடுக்கடல்ல இல்ல. ஆத்துல போற கப்பல். அன்னிக்கு அது ஊருக்குள்ள கரையில நின்னுக்கினு இருந்துச்சு. எறங்கி வந்திருக்கலாம். என் மவன் டிக்கெட் போடறேன்னு சொன்னான். நான்தான் வேணாம்னுட்டேன். ஊர் சுத்திப் பாக்கணும்னு இருந்துட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

நாவிதர் அடுத்த தலையில் தண்ணீர் தெளித்தார்.

"துக்கத்துல இன்னாமோ ஒளர்றான்," என்று காசியம்மாள் எழுந்து வந்தாள். "ராத்திரி தூங்கல அவன். டேய், உக்காருடா."

"ஒளறலக்கா. சரசுவக் கேளு."

எல்லோரும் பெண்கள் பக்கம் பார்த்தார்கள். சரசு தலையை மட்டும் அசைத்தாள்.

காசியம்மாள் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வந்திருந்தால் தேவலை.

"எத்தினி பேருகிட்ட சொல்லிட்டேன்டா," என்றாள். "எத்தினி பேரு எங்கூட சேந்து உனுக்காக அழுதாங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்தவகிட்டகூட சொன்னனே."

படியேறிப் போய், தெருவைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "படிச்சவன் பண்ற வேலையா இது?" "சோத்துக்கு வழியில்லாதவன்கூட கடன ஒடன வாங்கினாவது ஓடியாந்திருப்பான்." "மெதுவாப் பேசுய்யா, பக்கத்துலதான் நிக்கறாரு." பங்காளிகளில் மூத்தவர் ஒருவர், மழித்த தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தினார்.

"செஞ்சது தப்புதான். அத அப்பறம் பேசிக்கலாம். அதுக்குன்னு மொறைய மாத்த முடியுமா? ஆம்பள இருக்கறப்போ பொம்பள உக்கார்றதில்ல. சக்கரவர்த்தி, நீ உக்காருப்பா. பத்திரிகையிலயும் உம் பேருதான் போட்டுக் கீது."

மனை இரண்டடி தூரத்தில் இருந்தது. சொல்ல வேண்டியதையும் சொல்லியாகிவிட்டது, ஊரும் உட்காரச் சொல்கிறது. உட்கார்ந்திருந்தால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். ஒரு கணம் கால் அந்தப் பக்கம் நகரப் பார்த்ததை அவரே உணர்ந்தார். அன்றைக்குக் கப்பலில் நின்ற அதே ஆள்தான் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அருவருப்பாக இருந்தது.

"நான் உக்கார மாட்டேங்க," என்றார். "கூப்ட்டப்போ வராதவன் இப்ப வந்து உக்காரக் கூடாது. கொள்ளி வெச்சது வினோதினி. பால் தெளிச்சது அவ. பாக்கியும் அவதான் செய்யணும்."

"யாராவது ஒருத்தர் உக்காருங்கோளேன்," என்றார் ஐயர்.

கலையரசன் தலைப்பாகைத் துணி இருந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "சாமி, பாப்பா உக்காந்தா ஆவாதா?"

"கொள்ளி வெச்சவா பண்றதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணையில்லே. உங்க மனுஷாளத்தான் கேக்கணும்."

மூத்த பங்காளி வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் மேல்படியிலிருந்து ஆதிலட்சுமியின் குரல் வந்தது. பதினாறு நாளில் அவள் இத்தனை பேர் எதிரில் பேசியது அதுதான் முதல் தடவை.

"வினோ, போய் உக்காரு. அப்பாவுக்கு நேரமாவுது."

வினோதினி சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூத்த பங்காளியும் இன்னும் இரண்டு பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் போகவில்லை. இருக்கவும் மனசில்லாமல், போகவும் மனசில்லாமல், வெயிலில் நின்றார்கள்.

பிண்டம் வைத்து முடிந்ததும் கலையரசன் தலைப்பாகை கட்ட வந்தார். பெண் தலைக்குக் கட்டிப் பழக்கமில்லாத கை. ஈரக் கூந்தலில் துணி இரண்டு முறை வழுக்கி அவிழ்ந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். வினோதினி பொறுமையாகத் தலையைக் குனிந்து கொடுத்தாள். மூன்றாம் தடவை நின்றது.

"பங்காளிகள் எள்ளும் தண்ணியும் விட வாங்கோ. ஒவ்வொருத்தரா."

வழக்கமாக முதலில் வர வேண்டிய சக்கரவர்த்தி கடைசியில் போய் நின்றுகொண்டார். அவருக்கு முன்னால் இருந்தவர் தெரிந்தே ஒரு அடி தள்ளி நின்றார். வரிசை மெல்ல நகர்ந்தது. வினோதினி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் எள்ளைப் போட்டு, சொம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள். வாங்கியவர்கள் கட்டைவிரல் பக்கமாக அதைக் கல்லின் மேல் விட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் முறை வந்தது. குனிந்து கையை நீட்டினார். விரலிடுக்கில் எள் சிதறியது. வினோதினி மறுபடியும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். முகத்தை நிமிர்த்தவில்லை. மற்றவர்களுக்கு ஊற்றிய அளவே தண்ணீர் ஊற்றினாள். அவர் அதைக் கல்லின் மேல் விட்டார். கும்பிட்டபடி நின்றார்.

"ஆச்சா? நகருங்கோ," என்றார் ஐயர்.

அவர் நகர்ந்தார்.